மரப்பு ஊசி எதுவரை எட்டும்?

தொப்புளுக்குக் கீழே லிக்னோகெய்ன் ஊசி போட்டு, தோல் மரத்ததும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் அளவுக்குக் கீறி, பெண் விழித்திருக்கும்போதே இரு கருக்குழாய்களையும் வெளியே எடுத்துக் கட்டி வெட்டிவிட முடியும். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் என்று நம் ஊரில் சொல்லப்படும் இந்த அறுவை கோடிக்கணக்கான பெண்களுக்கு இந்த முறையில்தான் நடந்திருக்கிறது. அந்த ஊசி வலிக்குப் போதுமா என்ற கேள்வி அரை நூற்றாண்டாக நிற்கிறது. போதும் என்றவர்கள் இருக்கிறார்கள். போதாது, தூங்க வைக்கும் மருந்தும் வேண்டும் என்றவர்கள் இருக்கிறார்கள். முழு மயக்கமோ முதுகுத்தண்டில் ஊசியோ இல்லாமல் வயிற்றைத் திறப்பதே தவறு என்றவர்களும் உண்டு. ஒவ்வொரு தரப்பிடமும் சான்று இருக்கிறது. ஆனால் வலி என்ற ஒரே சொல்லால் ஒவ்வொரு தரப்பும் வெவ்வேறு வலியைக் குறித்திருக்கிறது என்பதே இந்தக் கட்டுரை சொல்ல முயல்வது.

இது ஒரு சிறு மருத்துவ நுணுக்கம் அன்று. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள மணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். தமிழ்நாட்டில் இது பாதிக்கும் மேல். ஆந்திரத்தில் பத்தில் ஏழு பேர். அதே கணக்கெடுப்பில் ஆண்களின் கருத்தடை 0.3 விழுக்காடு. ஆணின் விந்துக்குழாய் தோலுக்கு நேர் கீழே இருக்கிறது. அங்கே போடும் ஊசி அறுக்க வேண்டிய இடம் முழுவதையும் மரக்கச் செய்துவிடுகிறது. பெண்ணுக்கு அந்த வசதி இல்லை. எளிதில் மரக்கச் செய்யக்கூடிய உடலை விட்டுவிட்டு, மரக்கச் செய்யக் கடினமான உடலின்மேல் ஒரு தேசியத் திட்டம் நிற்கிறது. வலியைப் பற்றிய எந்த விவாதமும் இந்த உண்மையை மனத்தில் வைத்தே நடக்க வேண்டும்.

கேள்வி எப்படிப் பிறந்தது

லிக்னோகெய்னை 1943-இல் சுவீடன் வேதியியலாளர் நில்ஸ் லோஃப்கிரென் உருவாக்கினார். 1948-இல் அது சந்தைக்கு வந்தது. அதற்கு முன்பே கருக்குழாயைக் கட்டும் வழக்கம் இருந்தாலும், அது பெரும்பாலும் பெரிய கீறலும் முழு மயக்கமும் சில நாள் படுக்கையும் வேண்டிய அறுவை. 1960-களின் இறுதியிலும் 1970-களிலும் இரண்டு மாற்றங்கள் வந்தன. லேப்ராஸ்கோப் என்னும் குழல்நோக்கி வழியாகக் குழாயைப் பிடித்துச் சுடவோ வளையம் மாட்டவோ முடிந்தது. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அதை மரப்பு ஊசியிலேயே செய்து அன்றே வீட்டுக்கு அனுப்பிக் காட்டினார்கள். தாய்லாந்தில் வித்தூன் ஒசதானொந்த் போன்றவர்கள் மூன்று சென்டிமீட்டர் கீறலில் முடியும் மினிலாப் முறையைப் பரப்பினார்கள். இரண்டும் ஏழை நாடுகளின் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டங்களுக்கு ஏற்றவை என்று கருதப்பட்டன. மயக்கமருந்து நிபுணர் வேண்டியதில்லை, படுக்கை வேண்டியதில்லை, ஒரே நாளில் பலருக்குச் செய்யலாம்.

இந்தியாவில் இதன் அரசியல் தனி. நெருக்கடி நிலையின்போது, 1976–77-இல் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன, பெரும்பகுதி ஆண்களுக்கு. அதன் கசப்பால் ஆண்களின் அறுவை ஏறக்குறைய மறைந்தே போனது. இலக்குகள் மறையவில்லை, அவை பெண்கள் பக்கம் திரும்பின. குழல்நோக்கி நாட்டுக்குள் வந்ததும் ஏறக்குறைய அதே காலத்தில்தான். ஆக, மரப்பு ஊசி இங்கே ஒரு மருத்துவத் தேர்வாக மட்டும் வரவில்லை. எண்ணிக்கையை எட்டும் கருவியாகவும் வந்தது. ‘போதும்’ என்ற விடையை எந்த அளவுக்கு மருத்துவம் தந்தது, எந்த அளவுக்கு இலக்கு தந்தது என்று பிரித்துப் பார்ப்பது அதனால்தான் கடினமாகிறது.

பாதுகாப்பை முன்வைத்தவர்கள்

மரப்பு ஊசியின் ஆதரவாளர்களைக் கல்நெஞ்சர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. அவர்களுடைய முதல் வாதம் உயிரைப் பற்றியது. 1977 முதல் 1981 வரை அமெரிக்காவில் கருத்தடை அறுவையால் நேர்ந்த 29 மரணங்களை ஆராய்ந்தபோது, 11 மரணங்கள் முழு மயக்கத்தின் சிக்கல்களால் வந்தவை என்று தெரிந்தது; தொற்றாலும் இரத்தப்போக்காலும் இறந்தவர்களைத் தனித்தனியே எண்ணினால் இரண்டுமே இதைவிடக் குறைவு. போதிய அளவு மூச்சு செல்லாததே அந்த 11 மரணங்களில் பலவற்றுக்குக் காரணம். நல்ல வசதியுள்ள நாட்டிலேயே நிலை இதுவென்றால், ஆக்சிஜன் உருளை கூட உறுதியில்லாத ஆரம்ப சுகாதார நிலையத்தில் என்ன ஆகும் என்று அவர்கள் கேட்டார்கள். கேள்வி நியாயமானது. பின்னர், ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஓர் அமெரிக்க ஆய்வும், குழல்நோக்கிக் கருத்தடையில் முழு மயக்கம் பெற்றவர்களுக்குச் சிக்கல் வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு என்று கண்டது.

இந்தச் சான்றில் ஒரு பலவீனம் உண்டு. முழு மயக்கம் பெற்றவர்களும் மரப்பு ஊசி பெற்றவர்களும் ஒரே மாதிரியான பெண்கள் அல்லர். உடல் பருமன், முன்பு நடந்த வயிற்று அறுவை, மருத்துவமனையின் வழக்கம் எல்லாம் தேர்வைப் பாதிக்கும். கணக்கில் இவற்றைச் சரிசெய்யலாம். முழுமையாகச் சரிசெய்ய முடியாது. 1980-களுக்குப் பிறகு ஆக்சிஜன் அளவுமானி பரவியதால் முழு மயக்கமே பாதுகாப்பாகிவிட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இருந்தாலும், நிபுணர் இல்லாத இடத்தில் மரப்பு ஊசிதான் குறைந்த ஆபத்து என்ற மையக் கருத்து இன்றும் அசையவில்லை என்றே நினைக்கிறேன். இந்திய அரசின் 2006, 2014 தர வழிகாட்டிகளும், தணிப்பு மருந்தோடு சேர்ந்த மரப்பு ஊசியையே முதல் தேர்வாக வைக்கின்றன. ‘பாதுகாப்பானது’ என்ற சொல் மெல்ல ‘போதுமானது’ என்ற பொருளை ஏற்றுக்கொண்டதுதான் பிழை. ஒரு முறையில் உயிர் போகாது என்று காட்டிவிட்டால், அதில் வலிக்காது என்று காட்டியதாகிவிடாது.

எந்த வலி?

இந்த அறுவையில் குறைந்தது மூன்று வலிகள் உள்ளன. மூன்றும் வெவ்வேறு நரம்புப் பாதையில் போகின்றன. முதலாவது தோல், தசையுறை, வயிற்றின் உட்சவ்வு ஆகியவற்றை வெட்டும் வலி. கத்தி பட்ட இடம் இதுதான் என்று விரல் வைத்துக் காட்டக்கூடிய கூர்மையான வலி அது. கீறல் போகும் வழியில் ஒவ்வொரு அடுக்கிலும் மருந்தை ஏற்றினால் இது ஏறக்குறைய முழுவதும் அடங்கிவிடும். இரண்டாவது கருக்குழாயின் வலி. உள்ளுறுப்புகள் வெட்டுக்கு அவ்வளவாகக் கூக்குரல் இடுவதில்லை. இழுத்தால், முறுக்கினால், இரத்த ஓட்டத்தை நெரித்தால் தாங்காது. கருக்குழாயைக் கொக்கியிலோ இடுக்கியிலோ பிடித்து மேலே இழுக்கும் கணத்தில் எழும் வலி அடிவயிறு முழுவதும் பரவும். குமட்டும், வியர்க்கும், நாடித்துடிப்பு சட்டென்று குறையலாம். அந்தச் செய்தியைச் சுமக்கும் நரம்புகள் கருப்பையின் பக்கச் சவ்வுகள் வழியாகத் தண்டுவடத்துக்குப் போகின்றன. தோலில் போட்ட ஊசிக்கும் அவற்றுக்கும் தொடர்பே இல்லை. மூன்றாவது, குழல்நோக்கி முறைக்கே உரியது: வயிற்றைக் காற்றால் உப்பவைக்கும்போது உதரவிதானம் விரிந்து தோள்பட்டையில் வலிப்பது.

இந்தப் பிரிவினையைப் பிடித்துக்கொண்டால் பழைய சண்டையின் பெரும்பகுதி தெளிகிறது. ‘ஊசி நன்றாக வேலை செய்தது, கீறும்போது அவர் அசையவே இல்லை’ என்று சொல்லும் அறுவை மருத்துவர் முதல் வலியைப் பற்றி உண்மையைச் சொல்கிறார். ‘உள்ளே ஏதோ பிடுங்கி இழுத்தது போல இருந்தது’ என்று சொல்லும் பெண் இரண்டாவது வலியைப் பற்றி உண்மையைச் சொல்கிறார். ஒருவர் கூற்றை வைத்து மற்றவர் கூற்றை மறுப்பதற்கு இல்லை. பிரசவமான ஓரிரு நாளில் செய்யும்போது கருப்பை தொப்புள் உயரத்தில் இருப்பதால் குழாய் கைக்கெட்டும் தூரத்திலேயே கிடைக்கும், இழுவை குறைவு. பிரசவத்துக்குச் சம்பந்தமில்லாத காலத்தில் கருப்பை இடுப்புக்குள் இறங்கியிருக்கும். பிறப்புறுப்பு வழியாக ஒரு கருவியைச் செலுத்தி அதை உந்தி மேலே கொண்டுவர வேண்டும். ஒரே பெயரில் நடக்கும் இரண்டு அறுவைகளின் வலி ஒன்றாக இருக்காது என்பதற்கு இதுவே போதும். ஆய்வுகள் பலவும் இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசியது குழப்பத்தை வளர்த்தது.

இரண்டாவது வலிக்கு விடை நீண்ட காலமாகவே தெரியும்: உட்சவ்வைத் திறந்ததும் குழாய்களின் மேல் லிக்னோகெய்னையோ பியூபிவகெய்னையோ சொட்டவிடுவது, அல்லது வயிற்றறைக்குள் மருந்துக் கரைசலை ஊற்றிச் சில நிமிடம் காத்திருப்பது. பிரசவத்துக்குப் பின் மரப்பு ஊசியில் நடக்கும் மினிலாப் கருத்தடை பற்றிய சமவாய்ப்புச் சோதனைகளைத் தாய்லாந்து ஆய்வாளர்கள் தொகுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். தகுதிபெற்றவை மூன்றே சோதனைகள், மொத்தம் 230 பெண்கள். வயிற்றறைக்குள் லிக்னோகெய்ன் பெற்றவர்களின் வலி, வெறும் உப்புநீர் பெற்றவர்களைவிடத் தெளிவாகக் குறைந்தது. தசையில் போட்ட மார்ஃபின் ஊசி அறுவை நேரத்து வலியைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை. வலி பிறக்கும் இடத்துக்கு மருந்து போக வேண்டும் என்ற எளிய கருத்தை இந்த முடிவு வலுப்படுத்துகிறது. வளையம் மாட்டும் குழல்நோக்கி முறையில், குழாயின்மேல் விடும் மருந்து அறுவைக்குப் பிந்தைய சில மணிநேர வலியைக் குறைக்கிறது என்பதற்கும் தனியே சான்றுகள் உண்டு. வளையம் இரத்த ஓட்டத்தை நெரிப்பதால் அந்த வலி வருகிறது. காரணமும் மருந்தும் பொருந்துகின்றன.

ஆனால் 230 பெண்கள் என்பது மிகச் சிறிய எண். லட்சக்கணக்கானவர்களுக்கு ஆண்டுதோறும் நடக்கும் ஓர் அறுவையின் வலியைப் பற்றி நம்பத்தக்க சோதனையில் கேட்கப்பட்டவர்கள் ஒரு கிராமத்துப் பள்ளியின் மாணவர் எண்ணிக்கையைத் தாண்டவில்லை. இந்த விவாதத்தில் என்னை மிகவும் வருத்துவது இதுதான்.

மருந்தின் அளவும் ஒரு தடை. சேர்மானம் இல்லாத லிக்னோகெய்னுக்குப் பாடநூல்கள் சொல்லும் உச்ச அளவு உடல் எடையில் கிலோவுக்கு ஏறக்குறைய 4.5 மில்லிகிராம், இன்னும் கீழேயே நிறுத்தச் சொல்லும் நூல்களும் உண்டு. 40 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது 180 மில்லிகிராம். இரண்டு விழுக்காட்டுக் குப்பியிலிருந்து அப்படியே எடுத்தால் 9 மில்லிலிட்டரில் வரம்பு முடிந்துவிடும். தோலுக்கும் சவ்வுக்குமே சரியாகப் போய்விடும், குழாய்க்கு மிச்சம் இருக்காது. அரை விழுக்காடாகக் கலக்கினால் 36 மில்லிலிட்டர் கிடைக்கும். தாய்லாந்தில் நடந்த ஒரு சோதனையில் வயிற்றறைக்குள் மட்டும் 400 மில்லிகிராம் விட்டிருக்கிறார்கள். பெரிய சிக்கல் எழாவிட்டாலும், அந்த அளவை மெலிந்த பெண்களுக்கு அப்படியே பொருத்துவதற்குத் துணிவு வராது. மருந்து மிகுந்தால் உதட்டைச் சுற்றி மரத்துப்போகும், காதில் இரையும், பிறகு வலிப்பு வரலாம், இதயம் நிற்கலாம். ஊட்டம் குறைந்து மெலிந்த பெண்ணுக்கு, வலியைத் தடுக்கக் கிடைக்கும் மருந்தின் வரம்பும் குறைவு. இதற்கு விடை மருந்தைத் தவிர்ப்பதில் இல்லை. எடை பார்த்து, கலக்கி, அடுக்கடுக்காகப் பங்கிட்டுக் கொடுப்பதில் இருக்கிறது. எடை பார்க்கும் கருவியும் கணக்குப்போட ஒரு நிமிடமும்தான் அதற்கு வேண்டும்.

தூக்கமும் மறதியும்

மரப்பு ஊசி விட்ட இடைவெளியைத் தணிப்பு மருந்தால் நிரப்பலாம் என்பது இரண்டாவது தரப்பின் வாதம். பெதிடின், பென்டசோசின், ப்ரோமெத்தசின், டயசெபாம், மிடசோலம், கெட்டமின் என்று பல கலவைகள் வழக்கத்தில் இருந்திருக்கின்றன. இவற்றில் சில வலியைக் குறைப்பவை. டயசெபாமும் மிடசோலமும் பதற்றத்தைத் தணித்து நினைவை மங்கச் செய்பவை. வலியைக் குறைப்பவை அல்ல. அந்த வேறுபாடு நடைமுறையில் எளிதில் மறைந்துபோகிறது. மேசையில் முனகியவர் மறுநாள் ‘எதுவும் நினைவில்லை’ என்றால், வலி இல்லை என்று பதிவாகிவிடும். வலியை மறந்தவர் வலியை அனுபவிக்காதவர் ஆகிவிட மாட்டார்.

இதில் உயிர் ஆபத்தும் உண்டு. 1970-களின் இறுதியில் வங்கதேசத்தில் கருத்தடை மரணங்களை ஆராய்ந்தவர்கள், மயக்கம் தரும் மருந்துகளின் மிகை அளவை முன்னணிக் காரணங்களில் ஒன்றாகக் கண்டார்கள். மரப்பு ஊசி தவறியபோதெல்லாம் இன்னொரு குப்பியை ஏற்றி ஈடுகட்டினால், மூச்சு அடங்கும். மேலும், முழு விழிப்பில் இருக்கும் பெண்ணால்தான் ‘உதடு மரக்கிறது’ என்று சொல்ல முடியும். ஆழ்ந்து தணிந்தவரால் முடியாது. இதனால் தணிப்பே கூடாது என்பதாகாது. சரியான அளவில், அறுவைக்கு முப்பது நிமிடம் முன்பே கொடுத்து, மூச்சையும் ஆக்சிஜனையும் கவனிக்க ஒருவர் பக்கத்தில் நின்றால், அது உதவும். மரப்பு ஊசிக்கு மாற்றாக அல்ல, துணையாக.

மருந்தில்லாத துணை ஒன்றும் உண்டு. அதைக் கையேடுகள் நெடுங்காலமாகச் சொல்கின்றன. ஒவ்வொரு படியையும் செய்வதற்கு முன் சொல்லுவது, தலைமாட்டில் ஒரு செவிலியர் நின்று பேசிக்கொண்டே இருப்பது, வலித்தால் நிறுத்துவோம் என்று முன்பே உறுதி கொடுத்து, சொன்னபடி நிறுத்துவது. எளிய செயல் போலத் தோன்றும். ஆனால் கையைப் பிடித்திருக்கும் செவிலியருக்கும் கையை அமுக்கியிருக்கும் ஊழியருக்கும் இடையில் இருக்கும் தூரமே பல பெண்களின் அனுபவத்தைத் தீர்மானிக்கிறது.

நேரத்தின் கணக்கு

2012 ஜனவரியில் பிகாரின் அராரியா மாவட்டத்தில், ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்த முகாமில் இரண்டு மணி நேரத்தில் 53 பெண்களுக்கு அறுவை நடந்தது. ஒருவருக்கு இரண்டே கால் நிமிடம். இதுபற்றித் தேவிகா பிஸ்வாஸ் என்பவர் தொடுத்த வழக்கில், 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இத்தகைய முகாம்களை மூன்று ஆண்டுகளுக்குள் நிறுத்தச் சொன்னது. இடையில் 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் முகாம்களுக்குப் பிறகு 13 பெண்கள் இறந்திருந்தார்கள். அந்த மரணங்களின் காரணமாகத் தொற்றும் மாத்திரைக் கலப்படமும் பேசப்பட்டனவே தவிர, மரப்பு ஊசி அல்ல. ஆனால் ஒரே நாளில் 83 பேர் என்ற வேகம் அங்கும் இருந்தது. ஒரு மருத்துவக் குழு நாளொன்றுக்கு 30 பேருக்கு மேல் செய்யக்கூடாது என்பது அரசு விதி. 2022 நவம்பரில் பிகாரின் ககரியாவில் இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள், மரப்பு ஊசியே இல்லாமல் கைகால்களைப் பிடித்துக்கொண்டு அறுத்தார்கள் என்று புகார் சொன்னார்கள்.

லிக்னோகெய்ன் வேலை செய்யச் சில நிமிடங்கள் வேண்டும். முகாமில் வரிசையில் காத்திருக்கும்போதே ஊசி போட்டுவிடுகிறோம், அதனால் நேரம் கிடைத்துவிடுகிறது என்று இதற்கு ஒரு பதில் சொல்லப்படுகிறது. தோலுக்கு அது பொருந்தும். வயிற்றைத் திறந்த பிறகுதான் தொட முடிகிற சவ்வுக்கும் குழாய்க்கும் பொருந்தாது. அங்கே மேசையிலேயே காத்திருந்தாக வேண்டும். இரண்டே கால் நிமிட அறுவையில் அந்தக் காத்திருப்புக்கு இடமே இல்லை. ஆகவே, மரப்பு ஊசி போதாது என்று சொல்லப்படும் பல இடங்களில் உண்மையில் போதாமல் இருந்தது நேரம் என்பது என் கணிப்பு.

‘பிள்ளை பெற்றவளுக்கு இது ஒரு வலியா?’ என்ற பேச்சு பிரசவ வார்டுகளில் பழகிப்போனது. பழைய வலி புதிய வலிக்கு மரப்பு மருந்தாவதில்லை. பிரசவ வலி தானாக வருவது. இதை நாம் திட்டமிட்டு, தேதி குறித்து, கத்தியோடு கொண்டுவருகிறோம். தடுக்கத் தெரிந்த வலிக்கான பொறுப்பு நம்முடையது. இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு: தரத்தை உயர்த்தினால் அறுவை கிடைக்கும் இடங்கள் குறையும், வேண்டாத கருவும் பிரசவ மரணமும் கூடும் என்பது. முழு மயக்கத்தையோ நிபுணரையோ கட்டாயமாக்கச் சொன்னால் இந்த மறுப்பு வெல்லும். ஆனால் அடுக்கடுக்கான ஊசிக்கும் குழாய்மேல் விடும் மருந்துக்கும் வேண்டுவது சில நிமிடமும் மலிவான ஒரு குப்பியும். மேலும், ஒரு பெண் பட்ட வலி அவளோடு நிற்பதில்லை. தங்கையிடமும் பக்கத்து வீட்டாரிடமும் அது போய்ச்சேர்கிறது. அந்தப் பயமும் மக்களைச் சேவையிலிருந்து விலக்கும்.

முதுகுத்தண்டு ஊசி

சிசேரியனோடு சேர்த்துச் செய்யும்போது இந்தக் கேள்வியே எழுவதில்லை. முதுகில் போட்ட ஊசி மூன்று வலிகளில் இரண்டை முழுவதுமாக மூடிவிடுகிறது. மாவட்ட மருத்துவமனைகளில் தனியாகச் செய்யும் கருத்தடைக்கும் இது நல்ல வழி. இரத்த அழுத்தம் இறங்குவதும் தலைவலியும் தெரிந்த, சமாளிக்கக்கூடிய சிக்கல்கள். பொதுமருத்துவர்களுக்கு உயிர்காக்கும் மயக்கமருந்துப் பயிற்சி அளிக்கும் அரசுத் திட்டம் இருந்தும், ஊர்ப்புற நிலையங்களில் ஆள் போதவில்லை. அதனால் இது எல்லா இடத்துக்குமான விடையாக இன்னும் ஆகவில்லை.

தீராமல் இருப்பவை

கைவசம் உள்ள சான்றுகளை வைத்துப் பார்த்தால், தோலில் மட்டும் போடும் ஊசியை இந்த அறுவைக்கான மரப்பு முறை என்று அழைப்பதே சரியல்ல என்று சொல்லலாம். தோல், உட்சவ்வு, கருக்குழாய் மூன்றுக்கும் மருந்து, காத்திருப்பு, கவனிப்போடு கூடிய தணிப்பு, தலைமாட்டில் ஓர் ஆள் என்ற முழுத் தொகுதியைக் கொடுத்துவிட்டுத்தான் ‘போதுமா’ என்று நேர்மையாகக் கேட்க முடியும். அந்தத் தொகுதியை முழுமையாகக் கொடுத்தும் சில பெண்களுக்கு வலிக்கும். அவர்கள் யார் என்று முன்கூட்டியே கண்டறியும் வழி உறுதியாகவில்லை. முன்பு வயிற்று அறுவை நடந்தவர்கள், பருமனானவர்கள், மிகுந்த பயம் உள்ளவர்கள் என்று ஊகிக்கிறார்கள். அவர்களை முதலிலேயே முதுகுத்தண்டு ஊசிக்கு அனுப்புவதால் மொத்தத்தில் நன்மையா என்பது சோதிக்கப்பட வேண்டும்.

குழாய்மேல் விடும் மருந்தின் மிகக் குறைந்த பயனுள்ள அளவு எது, மெலிந்த பெண்ணின் இரத்தத்தில் அது எவ்வளவு ஏறும், லிக்னோகெய்னா பியூபிவகெய்னா, சொட்டுவதா ஊற்றுவதா என்பவற்றுக்கு இன்னும் உறுதியான விடை இல்லை. இவை விலை உயர்ந்த ஆய்வுகள் அல்ல. வலியை எப்படி அளப்பது என்பதும் இன்னும் தீரவில்லை. பூஜ்யம் முதல் பத்துவரை ஒரு கோட்டில் விரல் வைக்கச் சொல்வது, அதிகாரத்துக்கு முன்னால் தலைகுனிந்து பழகிய ஒரு பெண்ணிடம் எதை அளக்கிறது? வெள்ளை அங்கி அணிந்தவர் கேட்டால் மூன்று என்பார். அறுவை நிலையத்தோடு தொடர்பில்லாத ஒருவர், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டால் எட்டு என்னலாம். எந்த எண்ணை நம்புவது என்பதை முடிவுசெய்யாமல் செய்யப்படும் அடுத்த சோதனையும் பழைய சோதனைகளின் குறையையே சுமக்கும்.